ஆலை வாசலுக்கு வெளியே: இரண்டு தீர்ப்புகள்

ஷிப்ட் முடிந்து, வாசலைத் தாண்டிய பிறகு ஒரு தொழிலாளி செய்யும் காரியத்துக்காக அவர் வேலையைப் பறிக்கலாமா? இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 1964இல் ஒரு விடை சொன்னது, 1983இல் வேறொரு விடை சொன்னது. முதலாவது டாடா ஆயில் மில்ஸ் வழக்கு, அடுத்தது கிளாக்ஸோ வழக்கு. ஒன்றில் நிர்வாகம் வென்றது, மற்றதில் தொழிலாளர்கள் வென்றார்கள். ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஏன் என்று பார்ப்பது இன்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் பயன்படும்.

டாடா ஆயில் மில்ஸ் ஆலை எர்ணாகுளத்தில் டாடாபுரத்தில் இருந்தது. நிர்வாகம் ஊக்க போனஸ் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்ததும் தொழிலாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சோப்புப் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்தவர் திட்டத்தை ஆதரித்தார். அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, ஆலைக்கு வெளியே வழியில் வைத்து அடித்தார்கள். நிர்வாகம் உள்விசாரணை நடத்தி, அடித்ததாகக் கண்டறியப்பட்டவரை டிஸ்மிஸ் செய்தது. அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது தொழில் தீர்ப்பாயம். மேல்முறையீட்டில் நீதிபதி கஜேந்திரகட்கர் அந்த ஆணையை ரத்து செய்தார்.

அவர் முதலில் பார்த்தது அந்த ஆலையின் நிலையாணையை, அதாவது தொழிலாளர்களுக்கான எழுதப்பட்ட பணி விதிகளை. குடிபோதை, சண்டை, கலகத்தனமான நடத்தை ஆகியவை ஆலைக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் தண்டிக்கலாம் என்று அவர் விட்டுவிடவில்லை. இரண்டு தனிமனிதர்களுக்குள் நடக்கும் சொந்தத் தகராறு அந்த விதிக்குள் வராது, வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்று வேலி போட்டார். ஒரே ஆலையில் வேலை செய்யும் இருவர் ஊரில் வரப்புத் தகராறில் கைகலந்தால் அது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டிய விவகாரம், மேலாளர் மேசைக்கு வர வேண்டியதல்ல. சார்ஜ்மேனை அடித்ததோ போனஸ் திட்டத்தை ஆதரிப்பவர்களைப் பயமுறுத்த. அடி வெளியே விழுந்தது, ஆனால் அதற்கான காரணமும் அதன் விளைவும் ஆலைக்குள் இருந்தன.

கிளாக்ஸோ வழக்கு மீரட் தொழிலாளர் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. தொழில் தகராறு முற்றியிருந்த வேளையில், வேலைக்கு வந்துபோன சக தொழிலாளர்களைப் பேருந்தில் மிரட்டினார்கள், தாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வேலையோடு தொடர்பு இங்கேயும் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நிறுவனத்தின் நிலையாணை வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. நிறுவன வளாகத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ செய்தால் மட்டுமே குற்றம் என்பது அதன் வாசகம். சுற்றுப்புறம் என்ற சொல்லைத் தொழிலாளி போகும் இடமெல்லாம் நீட்டிக்கொண்டு போக முடியுமா என்பதே வழக்கு. முடியாது என்றார் நீதிபதி டி.ஏ. தேசாய். தண்டிக்கும் விதியைச் சொல்லுக்குச் சொல் இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும். முதலாளி ஊரின் சட்டம் ஒழுங்குக்குக் காவலரும் அல்லர், தொழிலாளியைப் பண்படுத்த வந்த குருவும் அல்லர் என்று அவர் சொன்ன கருத்து தொழிலாளர் சட்ட வழக்குகளில் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது.

இரண்டுக்கும் இடையே 1975இல் முல்சந்தானி வழக்கும் வந்தது. ரயிலில் நடந்த தாக்குதல் அது. செயல் எங்கே நடந்தது என்பதைவிட அதன் விளைவு எங்கே தெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அதில் டிஸ்மிஸ் நிலைநிறுத்தப்பட்டது. எனக்கு இந்த வாதம் உடன்பாடில்லை. விளைவை மட்டும் அளவுகோலாக வைத்தால் எதைத்தான் வேலையோடு இணைக்க முடியாது? 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பில் காரணமும் பார்க்கப்பட்டது, விதியும் முன்பே எழுதப்பட்டிருந்தது. கிளாக்ஸோவில் வெளியே நடப்பதைத் தண்டிக்கும் விதி இல்லை, அதனால் தண்டனையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: வேலையோடு உண்மையான தொடர்பு வேண்டும், அந்தச் செயலைத் தண்டிக்கலாம் என்று சொல்லும் விதியும் முன்கூட்டியே வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைப் பறிப்பது அநியாயம்.

அரசு ஊழியருக்குக் கட்டு இன்னும் அதிகம். மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அரசு ஊழியருக்குத் தகாத எதையும் செய்யக் கூடாது என்கின்றன. துணை உயிரோடு இருக்கையில் இன்னொரு திருமணமும் பொது இடத்தில் போதையோடு தோன்றுவதும் அதில் வரும். அங்கேயும் நீதிமன்றம் கடிவாளம் போட்டிருக்கிறது. 1985இல் சங்கர் தாஸ் வழக்கில், நிறுத்தக் கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தித் தண்டனை பெற்றவரை அதற்காக டிஸ்மிஸ் செய்வது தகாது என்று உதாரணம் காட்டி, தண்டிக்கும் அதிகாரத்தோடு நியாயமாக நடக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது என்றது.

இன்று சண்டை தெருவில் நடப்பதைவிட கைப்பேசியில் நடப்பது அதிகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போட்ட ஒரு பதிவு திங்கட்கிழமை மெமோவாக வந்து நிற்கிறது. பல நியமனக் கடிதங்களில், நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எந்தச் செயலும் பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்தச் செயல், எங்கே, யார் முடிவு செய்வது? ஒன்றும் சொல்லாத வரி அது. சக பெண் ஊழியரை வீட்டிலிருந்தபடி இழிவாக எழுதுகிறவரை நிறுவனம் தண்டிக்கத்தான் வேண்டும், நாளை அந்தப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாவில் ஆடிய வீடியோவுக்காகவும் கட்சிக் கூட்டத்துக்குப் போனதற்காகவும் தனியார் ஊழியர் ஒருவருக்கு மெமோ கொடுப்பது வேறு கதை. அங்கே களங்கம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மேலதிகாரியின் விருப்பு வெறுப்புதான்.

1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம் 100 தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தியது. 2020இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 300 ஆக்கியது. அதாவது, விதியை முன்கூட்டி எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் நடுத்தர ஆலைகளுக்கு இல்லாமல் போகிறது. கிளாக்ஸோ தொழிலாளர்களைக் காப்பாற்றியது எழுதிவைத்த அந்த ஒரு வரிதான்.

பழைய சட்டத்தின்படி நிலையாணையை ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாசலருகே பலகையில் ஒட்டிவைக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை 300 ஆனாலும் 30 ஆனாலும் அந்தப் பலகையைக் கேளுங்கள். நியமனக் கடிதத்தில் களங்கம் என்ற சொல் இருந்தால், எதெல்லாம் களங்கம் என்று கையெழுத்துப் போடுமுன் எழுதி வாங்குங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.