கண்ணுக்கு இயைபு, காதுக்கு வேறு



மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசித்தான். உணவைக் குறிக்கும் ‘ஃபூட்’ என்னும் சொல்லைச் சரியாகப் படித்தவன், அதே இரட்டை ‘ஓ’ எழுத்தைக் கொண்ட இரத்தம் என்னும் பொருளுடைய சொல்லைப் ‘பிளூட்’ என்றான். வகுப்பே நகைத்தது. நான் ‘பிளட்’ என்று திருத்தினேன், காரணம் கூறவில்லை. அதன்பின் பல நாள்கள் அவன் உரக்க வாசிக்க முன்வரவில்லை.

அவன் அறியாமலே படித்தது இங்கிலாந்தின் பழைய உச்சரிப்பு.

ஃபூட், குட், பிளட் மூன்றும் 5ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் மொழியிலிருந்து வந்தவை. கவிஞர் சாசர் மறைந்த 1400ஆம் ஆண்டளவில் மூன்றிலும் நெடில் ஓகாரமே ஒலித்தது. அந்நெடிலைக் காட்டவே ‘ஓ’ எழுத்தை இரட்டித்து எழுதினர்.

1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ, எழுத்துக்கூட்டல் நிலைபெறத் தொடங்கியது. ஒலியோ நிற்கவில்லை. அக்காலத்து நெட்டுயிர்களின் பெரும் மாற்றத்தில் ஓகாரம் ஊகாரமாயிற்று. நம் மாணவன் படித்தது இந்த நிலையைத்தான்!

பின்னர் ‘பிளூட்’ குறுகி உகரம் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் குறில் உகரம் பல சொற்களில் அகரம் போன்ற ஒலியாகத் திரிந்தபோது, இதுவும் ‘பிளட்’ ஆயிற்று. ‘குட்’ காலந்தாழ்ந்து குறுகியதால் அத்திரிபுக்குத் தப்பியது. ‘ஃபூட்’ குறுகவே இல்லை. எழுத்து மட்டும் மாறவில்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி அதனை மேலும் உறுதிப்படுத்தியது. ஈற்றொலி ஒன்றி இயைபாக நின்ற சொற்கள், இன்று கண்ணுக்கு மட்டுமே இயைபாக உள்ளன.

நம் பிள்ளைகள் தமிழையும் மலாயையும் பெரும்பாலும் எழுதியவாறே வாசித்துப் பழகியவர்கள். மலாய் ரூமி எழுத்துக்கூட்டலை மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் ஒருங்கே சீரமைத்தன. ஆங்கிலத்திற்கு அத்தகைய முழுமையான சீரமைப்பு வாய்க்கவில்லை. ஆகவே, ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையை மந்தமானவன் என எண்ணிவிடாதீர்கள். அவன் கற்ற விதியை நம்பியே வாசிக்கிறான்.

சில வாரங்கள் கழித்து அம்மாணவனுக்கு இவ்வரலாற்றைக் கூறினேன். “அப்போ நான் அந்தக் காலத்து ஆள் மாதிரி படிச்சேனா, டீச்சர்?” என்று கேட்டுச் சிரித்தான். மறுநாள் வாசிக்க அவனே கை உயர்த்தினான்.

திருத்துவோம், காரணத்தையும் சேர்த்தே கூறுவோம்.