மைசூர் நகரப் பகுதிப்பெயர்களும் நகர வாழ்வும்

முன்னுரை

நகர வரலாற்றை எழுதுவோர் அரசாணை, கல்வெட்டு, வருவாய்க் கணக்கு முதலியவற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வர். மக்கள் நாள்தோறும் வழங்கும் பகுதிப்பெயர்களும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சான்றுகளே. சிற்றூரில் பகுதிகள் மிகச் சில. பெருநகரில் பகுதிகள் பலவாயினும் ஒருவர் அவற்றுள் சிலவற்றையே அறிந்து வாழ்நாளைக் கழித்துவிடுகிறார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுத்தர நகரில் வாழ்பவரோ ஏறத்தாழ எல்லாப் பகுதிகளுக்கும் ஒருமுறையேனும் சென்று வருகிறார். ஆகவே, ஒருவர் தம் பகுதியின் பெயரைச் சொன்ன அளவிலேயே கேட்பவர் அவரைப் பற்றி ஓர் எண்ணம் கொண்டுவிடுகிறார். அங்குப் பகுதிப்பெயர் முகவரி மட்டுமன்று, சமூக அடையாளமுமாகும். இக்கருத்தை மைசூர் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைநகரும் மொஹல்லாக்களும்

மைசூர் நடுத்தர அளவினதாக நின்றமைக்கு அரசியற் காரணம் உண்டு. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபின் தலைநகர் அங்கு மாறிற்று. திப்பு சுல்தான் மைசூரின் பழைய கோட்டையை இடித்து, அருகே நசர்பாத் என்னும் புதிய கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1799இல் அவர் வீழ்ச்சியுற்றபின் மைசூர் மீண்டும் அரசிருக்கை ஆயிற்று. நசர்பாத்தின் கற்கள் பழைய கோட்டையைப் புதுப்பிக்கப் பயன்பட்டன. எனினும் 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் ஏற்றதும் நிர்வாகம் பெங்களூருக்குச் சென்றது. அரண்மனை ஓரிடத்தும் அலுவலகம் வேறிடத்தும் அமைந்த இப்பிரிவினையே இரு நகரங்களின் வளர்ச்சியையும் வேறுபடுத்திற்று எனலாம்.

இக்காலப் பெயர்களுள் மொஹல்லா என முடிவன குறிப்பிடத்தக்கன. மொஹல்லா அரபுச் சொல். குடியிருப்புப் பகுதியைக் குறிப்பது. லஷ்கர் மொஹல்லாவில் உள்ள லஷ்கர் என்பது படையைக் குறிக்கும் பாரசீகச் சொல். மண்டி மொஹல்லாவின் மண்டி தமிழ் வணிகர்க்கும் பழகிய சொல்லே. தேவராஜ மொஹல்லா, கிருஷ்ணராஜ மொஹல்லா என உடையார் பெயர்களோடும் இவ்வரபுச் சொல் இயல்பாக இணைந்தது. சமய வேறுபாடு கருதாமல் நிர்வாகப் பொதுச்சொல்லாக அது நிலைபெற்றமைக்கு இதுவே சான்று. இவற்றின் அருகிலேயே அக்ரஹாரம் என்னும் வடசொல், அந்தணர்க்கு அளிக்கப்பட்ட குடியிருப்பின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

பிளேக் நோயும் புரங்களும்

1898இல் மைசூர் அரசில் பரவிய பிளேக் நோய் நகரின் அமைப்பையே மாற்றியது. 1891இல் ஏறத்தாழ 74 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை 1901இல் 68 ஆயிரமாகக் குறைந்தது. நெருக்கமான தெருக்களை அகற்றிப் புதிய குடியிருப்புகளை அமைக்கும்பொருட்டு 1903இல் நகர மேம்பாட்டு அறங்காவலர் குழு நிறுவப்பட்டது. அகன்ற நேர்ச்சாலைகளை உடைய புதிய பகுதிகள் ‘புரம்’ என்னும் ஈறு பெற்றன. லட்சுமிபுரம், சாமராஜபுரம், சரஸ்வதிபுரம், ஜெயலட்சுமிபுரம் ஆகியவை இவ்வகையின. காற்றும் வெளிச்சமும் நாடிய ஒரு தலைமுறையின் அச்சமும் நம்பிக்கையும் இப்பெயர்களின் பின்னணியில் உள்ளன.

நகரம் விரிந்தபோது சிற்றூர்ப் பெயர்களும் அதனுள் அடங்கின. ஒண்டிகொப்பல் என்பதன் ஈறான கொப்பல் சிறு குடியிருப்பைக் குறிக்கும் கன்னடச் சொல். ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வரும் ஹள்ளி என்பது தமிழ்ப் ‘பள்ளி’யோடு இனமுடையது, பழைய கன்னடத்தின் மொழிமுதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று என்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி.

பெயர் மாற்றமும் மதிப்பும்

பழைய பெயர்கள் அனைத்தும் இனிய நினைவுக்குரியன அல்ல. கன்னடக் ‘கேரி’யும் தமிழ்ச் ‘சேரி’யும் ஒருவேர்ச் சொற்கள். சங்க நூல்களில் சேரி பொதுவாகக் குடியிருப்பைக் குறித்தது; பின்னர் ஒதுக்கப்பட்டோர் வாழிடத்தைக் குறிப்பதாக அதன் பொருள் குறுகிற்று. கன்னடத்திலும் கேரி சாதிப் பெயரோடு இணையும்போது இதே சுமையை ஏற்கிறது. மைசூரில் தலித் மக்கள் பெருமளவில் வாழும் பகுதி முன்னர் ஆதி கர்நாடகபுரம் எனப்பட்டது. இன்று அது அசோகபுரம். புரம் என்னும் ஈறு இங்கு மாறவில்லை; அதற்கு முன்நிற்கும் சொல்லே மாறியது. சாதித் தொகுதியைச் சுட்டிய சொல் நீங்கி, பௌத்தத்தை நினைவூட்டும் பேரரசர் பெயர் இடம்பெற்றது. முகவரி கூறுந்தோறும் தலைநிமிர்ந்து நிற்க விரும்பிய மக்களின் வேட்கையை இம்மாற்றம் காட்டுகிறது. எல்லோரும் எல்லாப் பகுதிகளையும் அறிந்த நகரில் இது சிறிய செய்தியன்று.

எண்களின் காலம்

விடுதலைக்குப் பின் ‘நகர்’ என்னும் ஈறு பெருகிற்று. கவிஞர் பெயரால் குவெம்புநகரும் அரசியல் தலைவர் பெயரால் ஜெயப்பிரகாஷ் நகரும் அமைந்தன. 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கு அமைந்தபின் பல மொழியினரும் வந்து தங்கினர். 1988இல் பழைய குழுவின் இடத்தில் நகர வளர்ச்சி ஆணையம் தோன்றியது. மனைப்பிரிவுகள் பெருகப் பெருகப் பெயர்கள் போதாவாயின. விஜயநகர் முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என எண்கள் வந்தன. 2011 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை ஏறத்தாழ 9 லட்சம்.

எண் சாதியைச் சொல்வதில்லை. வாடகை வீடு தேடும் புதியவர்க்கு இது ஒரு காப்பு. ஆனால் நோயையோ அரசரையோ சிற்றூரையோ அது நினைவூட்டுவதுமில்லை. நான்காம் ஸ்டேஜில் பிறந்து வளரும் குழந்தை, அந்நிலத்தில் முன்னர் விளைந்தது எது, அதனை உழுதவர் யார் என்பதைப் பெயரிலிருந்து அறிய இயலாது.

முடிவுரை

2014 நவம்பர் 1 முதல் நகரின் பெயர், கன்னட ஒலிப்புக்கேற்ப ‘மைசூரு’ என ஆங்கில எழுத்திலும் முறைப்படி எழுதப்படுகிறது. முழுநகரின் பெயருக்கு அரசாணை உண்டு. மனைப்பிரிவுகளுக்குள் மறையும் வயல், ஏரி, சிற்றூர்ப் பெயர்களுக்கு அத்தகைய ஆணை ஏதுமில்லை. அவை அவற்றை வழங்கிய முதியோரோடு மறைந்துபோகின்றன. இழிவு சுமந்த பெயரை மாற்றும் உரிமை அங்கு வாழ்வோர்க்கு உண்டு. அவ்வாறு மாற்றப்பட்ட பெயரையும், மறைந்துவரும் பெயரையும், அவற்றின் காரணத்தையும் பதிவு செய்யும் கடமை மொழியியலார்க்கு உண்டு. ஒருவர் தம் வாழ்நாளிலேயே நடந்து கேட்டுத் தொகுத்துவிடக்கூடிய அளவில் நடுத்தர நகரம் இருப்பது இப்பணிக்குக் கிடைத்த நல்வாய்ப்பாகும்.