வலையமைப்பு இல்ல அடைவு

பயனரின் கோப்புகளை அவர் அமரும் கணினியில் வைக்காமல் பொது வழங்கியில் வைத்து, அவர் எந்தக் கணினியில் நுழைந்தாலும் அங்கே கிடைக்கச் செய்யும் ஏற்பாடு. யூனிக்ஸ், லினக்ஸ் ஆய்வகங்களில் நெடுநாளாக வழக்கில் உள்ளது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் நெறிமுறையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பயனர் நுழைந்ததும் ஆட்டோஎஃப்எஸ் போன்ற மென்பொருள் அவருடைய அடைவை மட்டும் இணைத்துத் தரும். காப்புநகலை ஒரே இடத்தில் எடுத்துவிடலாம் என்பது நிர்வாகிக்குப் பெரிய ஆறுதல்.

நுணுக்கம் அடையாளத்தில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் பயனரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. ஒரு கணினியில் 1001 ஒருவருக்கும் இன்னொன்றில் 1001 வேறொருவருக்கும் உரியதானால், ஒருவர் கடிதம் மற்றவர் கைக்குப் போய்விடும். எனவே எண்கள் எங்கும் ஒன்றாயிருக்க எல்டிஏபி போன்ற பொதுப் பயனர் பட்டியல் தேவை. ரூட் பயனரின் அதிகாரத்தை வழங்கி முடக்கிவைத்தாலும், ஒரு கணினியின் ரூட் பிறர் எண்ணைப் பூண்டு நுழைய முடியும். கெர்பெரோஸ் சான்றளிப்பே உண்மையான காப்பு. அதைத் தவிர்ப்பது பயனருக்குச் செய்யும் அநீதி.

வழங்கி நின்றால் எல்லாத் திரைகளும் உறையும். கோப்புப் பூட்டு சரியாக இயங்காத இடங்களில் எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள் சிதையக்கூடும். உலாவியின் இடைமாற்றுக் கோப்புகளை உள்வட்டில் வைப்பது நல்லது.