உப்புநீர் மீன்களுக்கு மருந்து கண்ட வரலாறு

மீனுக்கு மருந்து கொடுத்தல் என்பது உண்மையில் நீருக்கு மருந்து கொடுத்தலேயாகும். மனிதனுக்கு நோய் வந்தால் மருந்து அவன் வயிற்றினுள் செல்கிறது. அவன் குடியிருக்கும் வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் அதனால் ஊறு நேர்வதில்லை. கண்ணாடித் தொட்டியில் வாழும் மீனின் நிலையோ வேறு. அதற்கு வீடும் காற்றும் வழியும் எல்லாம் ஒரே நீர்தான். அந்நீரிற் கலந்த மருந்து நோய்க்கிருமியை மாத்திரம் தேடிச் சென்று கொல்வதில்லை. எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையைத் தெளிவுற அறிய, கடல்மீன் வளர்க்கத் தொடங்கிய மேலைநாட்டாருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தார்க்கும் இவ்வரலாற்றில் ஓர் உரிமை உண்டு. கல்குடா, பாசிக்குடாப் பக்கத்துப் பவளப் பாறைகளிற் பிடிபட்ட வண்ண மீன்கள் பல, கடல் கடந்து அயல்நாட்டு இல்லங்களின் தொட்டிகளுக்குச் சென்றுள்ளன. அன்றியும், அம்மீன்களின் கொடிய நோயொன்றுக்குப் பிற்காலத்தார் கண்ட மருந்துகளுள் ஒன்று, இவ்வாவி மாரிதோறும் தானே செய்துகாட்டும் ஒரு மாற்றமேயாகும்.

பெனற்று என்னும் ஆங்கிலேயர் 1830இல் இலண்டனில் நிறைவுசெய்து வெளியிட்ட நூலொன்று இலங்கைக் கடல்மீன்களை முப்பது வண்ணப் படங்களிற் காட்டிற்று. அக்காலத்தில் இம்மீன்களின் அழகு கடலைக் கடக்கவேண்டின் தாளில் ஏறியே கடக்கவேண்டும். உயிருடன் கொண்டுசெல்ல வழியில்லை. 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென ஒரு கண்ணாடி மனை திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909இல் மீன்காட்சியகம் ஒன்று எழுந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. தொட்டி நீர் கெடுவது ஏன் என்பதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் பற்றீரியாக்கள் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன என்பதை, மண்ணை ஆராய்ந்த உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். கண்ணுக்குத் தெரியாத இவ்வுழைப்பாளிகளே தொட்டியின் உயிர்நாடி. மனிதருக்கு வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொட்டியிற் கொட்டுவோர் முதலிற் கொல்வது இவர்களையே. நோயால் இறவாத மீன் பின்னர் அமோனியாவால் இறக்கிறது.

மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' எனப் புகழ்பெற்றது. ஆயினும் நோயுற்ற மீன் தன் துன்பத்தைப் பாடி உணர்த்துவதில்லை. கண்ணாற் கண்டே அறிதல் வேண்டும். பாறையில் உடலை உரசுதல், பூக்கள் விரைந்து அசைதல், இரையை மறுத்தல் என்பன முதற்குறிகள். உடலிற் பொன்தூள் தூவியதுபோன்ற மெல்லிய படலம் தோன்றி ஓரிரு நாளில் மீன் மடியுமாயின், அது அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணியின் வேலையாதல் கூடும். இதனைப் பிறவுண் என்னும் ஆய்வாளர் 1931இல் விவரித்தார். உப்புக்கல் ஒட்டியதுபோல வெண்புள்ளிகள் தோன்றுமாயின் அது வேறு. யப்பானிய ஆய்வாளர் சிக்காமா 1937இல் எடுத்துக்காட்டிய இவ்வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு 1951இல் கிறிப்டோகரியோன் என்னும் பெயர் வழங்கப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மருந்திடுதலே வீட்டுத் தொட்டிகளில் நிகழும் பெரும் பிழை.

மருந்தெனத் துணிந்து ஏற்கப்பட்டது செம்பு. சான் பிரான்சிஸ்கோ நகரின் ஸ்ரைன்காட் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த டெம்ஸ்ரர், செப்புச் சல்பேற்றினால் முதற்கூறிய ஒட்டுண்ணியை அழிக்கும் முறையை 1955இல் வெளியிட்டார். நம் மருத்துவர் துருசு என்றும் மயில்துத்தம் என்றும் வழங்கும் நீல உப்பே அது. ஒரு லீற்றர் நீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கரைந்த செம்பு இரண்டு மூன்று வாரம் நிலைத்து நின்றால் ஒட்டுண்ணி அழியும்; சற்றுக் குறையின் பயனில்லை; மிகின் மீனே மடியும். பவளக் கல்லும் சிப்பி மணலும் நீரிலுள்ள செம்பை ஈர்த்துக்கொள்வதால், இன்று இட்ட அளவு நாளை இராது. ஆகவே நாள்தோறும் சோதனைப் பொருளால் அளந்தறிதல் வேண்டும். கடையில் விற்கும் செப்பு மருந்துகள் சிலவற்றின் அளவு இதனின் வேறு. அவற்றுக்கு மேலுறையிற் குறித்த அளவே அளவு. இன்னும் ஒன்று: பவளம், கடற்சாமந்தி, நத்தை, இறால் ஆகியன செம்பைத் தாங்கமாட்டா. இறாலின் குருதியில் உயிர்க்காற்றைச் சுமப்பதே செம்புதான். எனினும் நீரிற் கலந்த செம்பு அதற்குக் கூற்றுவன். இயற்கையின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

இவற்றையெல்லாம் நோக்கியே நோயாளி மீனுக்குத் தனித்தொட்டி என்னும் முறை வலுப்பெற்றது. மணலும் கல்லும் இல்லாத வெறுந்தொட்டி. ஒளிந்துகொள்ள ஒரு பிளாத்திக்குக் குழாய்த் துண்டு. காற்று செலுத்தும் கருவி. நாள்தோறும் ஒரு பங்கு நீர்மாற்றம். இவ்வளவே அதன் அமைப்பு. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் உடலில் ஒரு வாரம்வரை தங்கி, பின் அடித்தளத்தில் விழுந்து ஓடு கட்டிக்கொள்கிறது. அவ்வோடு வெடிக்கக் குறைந்தது மூன்று நாளாகும். இந்தக் கணக்கைக் கைக்கொண்டு கொலோர்ணி என்பார் 1987இல், மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைத் தூய தொட்டிக்கு மாற்றி, நான்கு மாற்றத்தில் மருந்தே இன்றி நோய் நீக்கும் வழியைக் காட்டினார். மருந்தில்லா மருத்துவம் என இதனைக் கூறலாம். பழைய தொட்டியோ மீனின்றி ஆறு வாரத்துக்குக் குறையாமல் வெறுமையாய் இருக்கவேண்டும். எச்சரிக்கையுடையோர் எழுபத்தாறு நாள் காத்திருப்பர். பொறுமையற்றவர் இங்கேதான் தோற்கின்றனர்.

இனி வாவிக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் தூர்த்துவிடும். மாரியில் ஆற்று வெள்ளம் சேர்ந்து உப்பு வெகுவாகக் குறையும். கொடுவாய் போன்ற மீன்கள் இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கி வாழ்கின்றன. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. முள்ளுடைய மீன்களின் குருதியில் உள்ளதோ அதில் மூன்றிலொரு பங்களவே. ஆதலின் தனித்தொட்டி நீரின் உப்பை இரண்டு மூன்று நாளிற் படிப்படியாக 16 கிராமுக்குக் கீழே இறக்கினால், கடல்மீன்கள் பல அதனைத் தாங்கும். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் ஓட்டினுள் உள்ள உயிரோ வெடித்து அழியும். உப்பை மீண்டும் ஏற்றுவதை ஒரு வாரமாக, மெதுவாகச் செய்தல் வேண்டும். ஆயினும் இதனை எல்லா நோய்க்கும் உரிய மருந்தெனக் கொள்ளலாகாது. பொன்தூள் நோயின் ஒட்டுண்ணி உப்புக் குறைந்த நீரிலும் வாழும். வெண்புள்ளி ஒட்டுண்ணியிலும் அத்தகைய வகை உண்டென்பது 2003இல் தைவானிலிருந்து அறிவிக்கப்பட்டது.

மருத்துவம் செய்வோரின் கைக்கும் ஆபத்துண்டு. பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களிலிருந்து 1926இல் அறொன்சன் பிரித்தெடுத்த பற்றீரியா, மனிதரின் கைக்காயத்தின் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். கையிற் கீறலுடையோர் கையுறையின்றித் தொட்டியைத் தொடலாகாது. செம்பு கலந்த கழிவுநீரை வாவிக்குச் செல்லும் வாய்க்காலில் ஊற்றுவது, வலைத்தொழிலாளர் தேடும் இறாலுக்கு நஞ்சிடுவதற்கு ஒப்பாகும்.

இலங்கைக் கடலின் வண்ண மீன்களை உலகறியச் செய்தவருள் சுழியோடி றொட்னி ஜொங்க்ளாஸ் குறிப்பிடத்தக்கவர். தெகிவளை மிருகக்காட்சிச் சாலையிற் பணியாற்றிய இவர், வெப்பக் கடல்மீன்களைப் பிடிக்கும் முறை பற்றி 1975இல் ஒரு நூல் எழுதினார். பிடிக்கும் முறையே நோயின் தொடக்கம் என்பதை நேயர்கள் கருதவேண்டும். வலையில் உரசிச் செதில் இழந்து, ஆழத்திலிருந்து விரைந்து ஏற்றப்பட்டு, ஒட்சிசன் நிரப்பிய பைக்குள் பட்டினியாய் வான்வழி செல்லும் மீன், நோயை எதிர்க்கும் வலிமையைப் பாதியிலேயே இழந்துவிடுகிறது. அத்தகைய மீனை வாங்கிய அன்றே பவளமும் பிற மீன்களும் உள்ள தொட்டியில் விடுவோர் பலர். அது மடிந்தால் அவ்விடத்துக்குக் கிழக்குக் கரையிலிருந்து இன்னொன்று பிடித்தனுப்பப்படும்.

சித்திரை முதல் புரட்டாதிவரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் காலமே இத்தொழிலுக்கு ஏற்ற பருவம். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்து நீர் கலங்கியதும், சுழியோடிகள் தம் காற்றுக் கலன்களுடன் தென்மேற்குக் கரைக்குப் பெயர்வர். அப்பாறைகளின் மீன்களுக்கு அந்தச் சில மாதங்களே ஓய்வு.