ஆரணி முதல் 'உதிரிப்பூக்கள்' வரை - ஒரு தழுவலின் கதை

(முன்குறிப்பு: 'உதிரிப்பூக்கள்' பார்க்காதவர்கள் கவனத்துக்கு... படத்தின் முடிவு இந்தக் கட்டுரையில் வருகிறது.)

ஆரணி என்றால் பட்டுப்புடவை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் கேட்டால் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டில் கதைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஆரணி என்றதும் முதலில் ஞாபகம் வந்தது ஒரு மனிதரின் பெயராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் ஆரணி குப்புசாமி முதலியார்.

1925-ல் மறைந்த இவர், தன் காலத்தில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட நாவலாசிரியர்களில் ஒருவர். 'இரத்தினபுரி இரகசியம்', துப்பறியும் ஆனந்தசிங் கதைகள் என்று வரிசையாக எழுதித் தள்ளினார். 'ஆனந்தபோதினி' பத்திரிகையிலும் பணியாற்றினார். இதில் ஒரு விஷயம் உண்டு. இவருடைய கதைகளில் பலவும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியருக்கு அவருடைய சொந்த நாட்டில் இருந்ததைவிட இந்தியாவில் மவுசு அதிகம். அவர் போன்றவர்களின் கதைகளை எடுத்து, வெள்ளைக்காரப் பெயர்களுக்குப் பதில் நம்மூர்ப் பெயர்களை வைத்து, தமிழில் கொடுத்தார் குப்புசாமி முதலியார். இதற்குத் தமிழில் உள்ள பெயர் 'தழுவல்'.

இந்தத் தழுவல் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனால், தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றில் போய் நிற்கலாம்.

தழுவலை வெறுத்தவர்

குப்புசாமி முதலியார் மறைந்து சுமார் பத்து வருடம் கழித்து, தழுவல் மேல் கடும் கோபத்தோடு ஒருவர் எழுத வந்தார். அவர் புதுமைப்பித்தன் (1906-1948). வெளிநாட்டுக் கதைகளை அப்படியே மொழிபெயர்க்கலாம், மூல ஆசிரியர் பெயரைப் போடலாம், அதில் தப்பில்லை. ஆனால் பெயரையும் ஊரையும் மாற்றி நம்முடையது மாதிரி கொடுப்பது இலக்கியத் திருட்டு என்பது அவர் கட்சி. 1937-ல் இதை வைத்து ஒரு பெரிய விவாதமே நடந்தது. சொன்னதோடு நிற்காமல் அவர் ஏராளமான உலகச் சிறுகதைகளைத் தமிழில் மொழிபெயர்த்தும் காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அதே புதுமைப்பித்தன் மீதே, மாப்பசான் கதைகளைத் தழுவி எழுதினார் என்ற குற்றச்சாட்டு வந்தது. அதற்கு மறுப்புகளும் வந்தன. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஒருவருடைய கதையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போது எதை எடுக்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் போதும்.

அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பகுதி சினிமாவில் கழிந்தது. 'அவ்வையார்', 'காமவல்லி' படங்களுக்கு எழுதப் போனார். 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து 'வசந்தவல்லி' என்ற படம் எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு எழுதுவதற்காகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றிப்போனது. 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. சினிமா அவருக்குப் பணமும் கொடுக்கவில்லை, பெயரும் கொடுக்கவில்லை.

31 வருடம் கழித்து அதே சினிமா அவரைத் தேடி வந்தது, அதுவும் தழுவல் என்ற வழியில்!

மகேந்திரன் என்ற வாசகர்

1939-ல் இளையாங்குடியில் பிறந்த மகேந்திரன் சினிமாவுக்குள் வந்ததே வசனம், திரைக்கதை எழுதுகிறவராகத்தான். எம்.ஜி.ஆருக்காகக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைத் திரைக்கதையாக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் படம் வரவில்லை. ஆனால் ஒரு பெரிய புத்தகத்தை எப்படித் திரைக்குக் கொண்டுவருவது என்று அவர் ஆரம்பத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் இயக்கிய முதல் படம் 'முள்ளும் மலரும்' (1978). அதுவும் புத்தகத்திலிருந்து வந்ததுதான். உமாசந்திரன் எழுதி 'கல்கி'யில் வந்த நாவல். நாவலில் காளி புலியிடம் கையைப் பறிகொடுக்கிறான். படத்தில் லாரி ஏறிக் கை போகிறது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். யோசித்துப் பார்த்தால் கதையே மாறிவிடுகிறது. புலியோடு மோதிக் கை போனால் அவன் வீரன். லாரியில் போனால் அவன் துரதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான். அந்தக் காளியின் திமிரும் கழிவிரக்கமும் நமக்கு நெருக்கமாக இருப்பதற்கு அந்த லாரி ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த வருடம் 1979 அக்டோபரில் 'உதிரிப்பூக்கள்' வெளியானது. அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. விஜயன், அஸ்வினி, சரத்பாபு, சாருஹாசன் என்று அன்றைக்குப் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத படம். 175 நாள் ஓடியது. இன்றைக்கும் பலர் இந்தப் படத்துக்குள் நுழைவது ஜானகி பாடிய 'அழகிய கண்ணே' பாட்டின் வழியாக. பாட்டைக் கேட்டு, படத்தைத் தேடிப் பார்த்து, டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயரைக் கண்டு ஆச்சரியப்பட்டு, பிறகு 'சிற்றன்னை'யைத் தேடிப் படித்தவர்கள் நிறையப் பேர்.

படித்தவர்களுக்கு முதலில் வருவது ஏமாற்றம். "இதுவா அந்தக் கதை?" என்று கேட்காதவர்கள் குறைவு.

புத்தகமும் படமும்

'சிற்றன்னை' ஒரு குறுநாவல். தாயை இழந்த குழந்தைகள், படித்த தகப்பன், அவருக்கு இரண்டாம் தாரமாக வந்து சேரும் ஒரு சின்னப் பெண். நான்கு சுவருக்குள் நடக்கிற கதை. தாய் இல்லாத இடத்துக்கு இன்னொருத்தி வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் புதுமைப்பித்தனின் கேள்வி. தலைப்பே அவளைப் பற்றியது.

படத்தில் தாய் உயிரோடு இருக்கிறாள். நோயாளி மனைவி லட்சுமி, இரண்டு குழந்தைகள். கணவன் சுந்தரவடிவேலு பள்ளிக்கூடம் நடத்துகிறவன், வட்டிக்கு விடுகிறவன், ஊரே பயப்படும் ஆள். மனைவியின் தங்கையையே இரண்டாம் தாரமாகக் கேட்கிறான். கிடைக்கவில்லை என்றதும் மனைவி மேலேயே பழி சுமத்துகிறான். அவள் மனசு உடைந்து சாகிறாள். சிற்றன்னை வருவது அதற்கப்புறம்தான். கதையின் பாரம் அவள் தலையில் இல்லவே இல்லை.

அதாவது புத்தகம் ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால் போய்விட்டது படம். தாய் போன பிறகு என்ன என்று கேட்கிறது புத்தகம். தாயை அனுப்பியது யார் என்று கேட்கிறது படம். மாற்றாந்தாய் கொடுமை என்று காலங்காலமாகப் பெண் மேலேயே போட்டு வந்த பழியை, மகேந்திரன் அப்படியே எடுத்துத் தகப்பன் மேல் வைத்துவிட்டார்.

இது எப்படி நடந்தது? 'சினிமாவும் நானும்' என்ற தன் புத்தகத்தில் மகேந்திரனே இதைச் சொல்லியிருக்கிறார். எப்போதோ படித்த கதையில் அந்தக் குழந்தைகள் மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டார்கள். அவர்களைச் சுற்றித் தானே ஒரு கிராமத்தைக் கட்டிக்கொண்டார்.

இதில் நஷ்டமும் உண்டு. புதுமைப்பித்தனிடம் விரல் நீட்டிக் காட்ட ஒரு வில்லன் கிடையாது. நல்லவர்கள் இருக்கிற வீட்டிலேயே குழந்தைகள் தனியாகிவிட முடியும் என்பது, கெட்டவன் ஒருவனால் குடும்பம் அழிவதைவிட ஒருவகையில் பயங்கரமான விஷயம். அது படத்தில் இல்லை. ஒரு கொடியவனைக் காட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம்.

ஆனால் மகேந்திரன் அந்த நிம்மதியையும் கடைசியில் பிடுங்கிக்கொள்கிறார். ஊர் திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறது. இவ்வளவு நாளும் தான் ஒருவன்தான் கெட்டவன், இன்றைக்கு ஊரையே தன்னைப் போல மாற்றிவிட்டேன், தான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவன் ஆற்றில் இறங்குகிறான். கரையில் அந்த இரண்டு குழந்தைகள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஊருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது?

அந்த இடத்தில் படமும் புத்தகமும் மறுபடி ஒன்றாகச் சேர்கின்றன. சம்பவங்கள் எதுவும் ஒத்துப்போகவில்லை. பெரியவர்கள் செய்கிற எல்லாவற்றுக்கும் விலை கொடுப்பது குழந்தைகள்தான் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

யாருக்கு யார் கடன்?

குப்புசாமி முதலியார் சம்பவங்களை எடுத்துக்கொண்டு ஊரையும் பெயரையும் மாற்றினார். மகேந்திரன் சம்பவங்களை விட்டுவிட்டு வலியை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே பெயர்தான். ஆரணிக்காரரையும் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழில் நாவல் படிக்கிற கூட்டம் ஒன்றை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்களைப் படிக்க ஆள் ஏது?

இவ்வளவு மாற்றிய மகேந்திரன் புதுமைப்பித்தன் பெயரைப் போடாமலே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கேட்பதற்குப் புதுமைப்பித்தனும் உயிரோடு இல்லை. இருந்தும் போட்டார். இலக்கியத் திருட்டு என்று கொதித்தவருக்கு அதைவிட நல்ல மரியாதை வேறு என்ன இருக்க முடியும்? அந்த ஒரு வரி டைட்டில்தான் பாட்டுக் கேட்க வந்தவர்களைப் புத்தகம் வரை கொண்டுபோய் விட்டது.

2002-ல் புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மகேந்திரன் 2019 ஏப்ரலில் காலமானார். 'சிற்றன்னை' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். படத்தைப் பார்த்தவர்கள் புத்தகத்தையும், புத்தகத்தைப் படித்தவர்கள் படத்தையும் தேடிப் பாருங்கள். எது உசத்தி என்ற சண்டை அப்புறம் இருக்கட்டும்.