கடலை அகழியாகக் கொண்ட ஊர்: விழிஞத்தில் ஒரு சுற்றுநடை

திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழ் நண்பர்கள் பெரும்பாலும் பத்மநாபசுவாமி கோயிலையும் கோவளத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். கோவளத்தை ஒட்டித் தெற்கே இருக்கும் விழிஞத்தை அவர்கள் பேருந்துப் பலகையில் படிப்பதோடு சரி. ஆனால் தமிழ்க் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இத்தனை முறை ‘அழிக்கப்பட்ட’ ஊர் இப்பகுதியில் வேறொன்று இல்லை. பாண்டியர் அழித்தனர், சோழர் அழித்தனர், கலிங்கத்துப்பரணியும் குலோத்துங்கனின் வெற்றிகளுள் இதை எண்ணுகிறது. அவ்வூரை ஒரு காலைப்பொழுதில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். பெரிய ஏற்றம் இல்லை. முதியோரும் சிறுவரும் நடக்கக்கூடிய வழி.

கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்தில் விழிஞம் சந்திப்பில் இறங்கினால், சிறிது தூரத்திலேயே குடைவரைக் கோயில் இருக்கிறது. மாமல்லபுரத்தை மனத்தில் வைத்துச் செல்பவர் ஏமாறக்கூடும். ஒற்றைப் பாறை, அதில் ஒரேயொரு சிற்றறை, உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. அறை வாயிலின் இருபுறமும் புடைப்புச் சிற்பங்கள்: ஒருபுறம் வில்லேந்திய சிவன், மறுபுறம் உமையுடன் ஆடும் சிவன். இரண்டும் முற்றுப்பெறாதவை. உளி நின்ற இடம் இன்றும் தெரிகிறது. கலைமரபை நோக்கி இதனை எட்டாம் நூற்றாண்டினது என்பர். தொல்லியல் துறையின் பாதுகாப்பில், மரநிழலில், வீடுகளுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்டவர் ஆய் குலத்தவர். புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய ஆய் அண்டிரனைப் பலரும் அறிவர். அவன் பொதியில் மலைக்கு உரியவன். தாலமி குறிக்கும் ‘அயோய்’ நாடும் இவர்களுடையதே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மலையை அடையாளமாகக் கொண்டிருந்த குலம், பிற்காலத்தில் கடற்கரையில் விழிஞத்தைத் தன் தலைமைத் துறையாக்கிக் கொண்டது. வானம் தெளிந்த நாளில் இக்கரையிலிருந்து கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாய்த் தெரியும். அத்தொடரில்தான் பொதியில் இருக்கிறது. இன்று அதற்கு அகத்தியர்கூடம் என்று பெயர்.

குகையிலிருந்து சாலையோடு இறங்கினால் மீன்பிடித் துறைமுகம். சுற்றுநடையின் நடுப்பகுதி இதுவே. ஒருபுறம் பள்ளிவாசல், மறுபுறம் தேவாலயம், இடையில் வளைந்த குடா. கடலுக்குள் நீளும் பாறைகளும் பிற்காலத்தில் கட்டிய அலைத்தடுப்புகளும் சேர்ந்து நீரை அமைதியாக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருவனந்தபுரத்தின் பிற கடற்கரைகளில் அலை கடுமையாகும். படகை இறக்க முடியாது. அப்போது பல ஊர் மீனவரும் விழிஞத்துக்கே வந்து தொழில் செய்கின்றனர். மற்ற ஊர்களில் கடல் கதவடைக்கும் காலத்தில் இங்கே மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

அலைத்தடுப்பின் மேல் நின்று இரண்டு செப்பேடுகளை நினைவுகூரலாம். முதலாவது, பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் பதினேழாம் ஆட்சியாண்டில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட சீவரமங்கலச் செப்பேடு. வேள் மன்னனை வென்று விழிஞத்தை அழித்ததை அது பெருமையுடன் கூறுகிறது. அவ்வூரின் அரணை இலங்கையின் அரணோடு ஒப்பிடுகிறது. கடலே அதன் அகழி என்கிறது. இரண்டாவது, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் முதலாம் இராசேந்திரன் காலத்தில் வெளியான திருவாலங்காட்டுச் செப்பேடு. அதன் வடமொழிப் பகுதி, இராசராசனின் படைத்தலைவன் கைப்பற்றிய ஊர்களுள் விழிஞத்தையும் சொல்கிறது. அங்கும் அதே வருணனை: கடலை அகழியாக உடைய ஊர்.

முதலாவது தமிழ், இரண்டாவது வடமொழி. அரச மரபுகளோ ஒன்றுக்கொன்று பகை. இருவரும் ஒரே உவமையைக் கையாண்டதை வெறும் புலவர் மரபு என்று தள்ளிவிடலாம். குடாவின் வடிவத்தைக் கண்ணால் கண்டபின் அப்படித் தள்ள மனம் வருவதில்லை. இங்கு நடந்த அகழாய்வுகளில் மேற்காசியப் பானை ஓடுகளும் கோட்டைச் சுவரின் எச்சங்களும் கிடைத்துள்ளன. அரணும் வணிகமும் வெறும் புகழ்ச்சி அல்ல.

ஆயினும் ஓர் இடர் இருக்கிறது. இந்த இரண்டு வருணனைகளும் அழித்தவர் சொன்னவை. பகைவனின் கோட்டை எவ்வளவு பெரிதோ, வென்றவன் புகழும் அவ்வளவு பெரிது. அழிக்கப்பட்டவர் தம்மைப் பற்றி என்ன எழுதினர்?

அதற்கும் செப்பேடு உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேடு அது. திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்றும் அழைக்கப்படுகிறது. கலியுகத்தில் 14,49,087 நாள்கள் சென்றதாக நாள்கணக்கில் காலம் குறிப்பது அதன் தனிச்சிறப்பு. முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்று, திருமாலுக்குக் கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலையை நிறுவியதாக மன்னன் கூறுகிறான். சட்டர் என்போர் அங்குத் தங்கிப் பயின்ற மாணவர். மூன்று வேத சரணங்களுக்கு அவ்விடங்கள் 45, 36, 14 எனப் பகிரப்பட்டன. ஒருவரை ஒருவர் இகழ்ந்து பேசினால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் தண்டம். வேதம் பயில வந்தவருக்கு ஆயுதம் குறித்து விதி எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, சாலை வெறும் பாடசாலை அன்று என வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் போன்றோர் வாதிட்டனர்.

‘காந்தளூர்ச் சாலை’ என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது இராசராசனின் மெய்க்கீர்த்தி. அங்கே அவன் ‘கலமறுத்தான்’. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்ற வழக்கு ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. முன்னதாயின் அது கடற்போர். பின்னதாயின் ஒரு சாலையின் உணவு உரிமையில் கைவைத்த செயல். அச்சாலை இருந்த இடம் திருவனந்தபுரம் நகருக்குள்ளேயே உள்ள வலியசாலை என்பார் பலர்; விழிஞத்தை ஒட்டியது என்பாரும் உளர். எதுவாயினும், சோழன் வென்ற பட்டியலில் ஒரு சொல்லாக நிற்கும் ‘சாலை’, ஆயரின் செப்பேட்டில் இடங்களின் எண்ணிக்கையோடும் ஒழுக்க விதிகளோடும் இயங்கும் ஒரு நிறுவனமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்த்திவசேகரபுரச் செப்பேடு தமிழில் இருக்கிறது, எழுத்து வட்டெழுத்து. வென்றவன் மட்டுமல்ல, தோற்றவனும் தமிழிலேயே எழுதினான். சோழர் காந்தளூரையும் விழிஞத்தையும் வென்றதை ‘தமிழர் கேரளத்தை வென்ற கதை’யாகச் சமூக ஊடகங்களில் பகிர்கிறோம். மறுதரப்பில் அதே நிகழ்ச்சி ‘தமிழரின் படையெடுப்பு’ ஆகிறது. இரு தரப்பினரும் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரைந்த எல்லையைப் பத்தாம் நூற்றாண்டின்மேல் போர்த்துகின்றனர். கருநந்தடக்கனின் கோயில் நிற்கும் பார்த்திவபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில். அவன் குலத்தின் துறைமுகம் கேரளத்தில். அவனுக்கு அவை ஒரே நாடு.

மொழியிலும் அந்த எல்லையின் தடம் உண்டு. நம் செய்தித்தாள்கள் இவ்வூரை ‘விழிஞ்சம்’ என்று எழுதுகின்றன. உள்ளூரார் அவ்வாறு சொல்வதில்லை. அவர்கள் வாயில் அது ‘விழிஞ்ஞம்’. மலையாளத்தின் ‘ஞ்ஞ’ ஒலியை ஆங்கிலத்தில் ‘என்’, ‘ஜே’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவது வழக்கம். அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, இல்லாத சகரம் நுழைந்துவிடுகிறது. நம் ‘மஞ்சள்’ மலையாளத்தில் ‘மஞ்ஞள்’, நம் ‘கஞ்சி’ அங்கே ‘கஞ்ஞி’ என்பதால், ‘விழிஞ்ஞம்’ என்பதற்கும் தமிழில் ‘ஞ்ச’ இருந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். செப்பேடு அதற்கு இடம் தரவில்லை. பாண்டியன் எழுதியது ‘விழிஞம்’. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமையுள்ள தமிழ் வடிவம் கையிலிருக்க, ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து பெயரை மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

துறைமுகத்தில் சற்று நேரம் நின்றால் வேறு சொற்களும் காதில் விழும். கட்டமரம், கரமடி, பார். கரமடி என்பது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் வலை. பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. மீன் கூடும் இடம். கரையிலுள்ள மலைமுகட்டையும் தேவாலய உச்சியையும் நேர்கோட்டில் வைத்துப் பாரின் இருப்பைக் கணிக்கும் கலையைக் ‘கணியம்’ என்பர். இச்சொற்கள் கன்னியாகுமரிக் கரையிலும் வழங்குகின்றன. கடலோர மொழி மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்போரையும், மீன் குடல் வீசும் இடத்தில் வட்டமிடும் செம்பருந்துகளையும் இங்கே காணலாம்.

பள்ளிவாசல் பக்கமாக வடக்கே நடந்தால் பாறைமேல் செவ்வெள்ளைப் பட்டைகளுடன் கலங்கரை விளக்கம்; 1972இல் ஒளியேற்றப்பட்டது, உயரம் 36 மீட்டர். ஏற அனுமதிக்கும் நேரத்தில் சென்றால் முழுக் கரையும் காலடியில் விரியும். அங்கிருந்து ஊர்ச்சாலை வழியே மீண்டும் சந்திப்புக்கு வந்துவிடலாம்.

மேலிருந்து தெற்கே பார்க்கையில் நீலப் பளுதூக்கிகள் தெரியும். அது முல்லூர்ப் பக்கம் எழுந்த புதிய சரக்குப் பெட்டகத் துறைமுகம். 2015 டிசம்பரில் பணி தொடங்கி, 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்து, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரைக்கு மிக அருகிலேயே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் இயற்கையாக இருப்பதே இடத்தேர்வுக்குக் காரணம். பாண்டியன் அகழி என்றதும் இதே ஆழத்தைத்தான். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்பு இப்போது கடலுக்குள் வளைந்து நிற்கிறது. கரை அரிக்கப்படுகிறது, வீடுகள் போகின்றன என்று மீனவ மக்கள் 2022இல் மாதக்கணக்கில் போராடினர். டிசம்பரில் போராட்டம் முடிவுக்கு வந்தது.

இன்றைய விழிஞத்துக்கும் செப்பேடுகள் எழுதப்படுகின்றன. எத்தனை பெட்டகங்கள் இறங்கின, எத்தனை பெரிய கப்பல் அணைந்தது என்பவை அவற்றின் வரிகள். அவை பொய்யல்ல; பாண்டியன் எழுதியதும் பொய்யல்ல. ஆனால் 95 சட்டர்களின் கணக்கைத் தோற்றவனின் செப்பேடு மட்டுமே நமக்குச் சொன்னது. பார்களின் பெயர்களையும் கணியத்தின் கணக்கையும் கடலில் இழந்த வீடுகளின் எண்ணிக்கையையும் எழுதிவைக்கும் ஏடு எது என்பதே இப்போதைய கேள்வி. திருவனந்தபுரம் வருபவர்கள் கோவளத்தோடு திரும்பாமல் அரைநாளை இவ்வூருக்குக் கொடுங்கள். கரையில் வலை பின்னும் முதியவரிடம் ஒரு பாரின் பெயரையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.