பச்சை உடம்பும் வயிற்றுக்கட்டும்: ஒரு வரலாற்றுப் பார்வை



மகப்பேற்று விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் இளம் ஆசிரியையிடம் நாம் முதலில் கேட்பது, “குழந்தை நலமா?” என்பதாகும். அடுத்து வருவது பெரும்பாலும், “இன்னும் வயிறு இறங்கவில்லையே, துணி கட்டவில்லையா?” என்பதாக இருக்கிறது. ஆசிரியர் அறையில் மட்டுமன்று. பெற்றோர் சந்திப்பு நாள்களிலும் இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர் அன்பால்தான் கேட்கிறார். ஆயினும் கேட்கப்பட்டவர் தம் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வதையும் கண்டிருக்கிறேன். பிள்ளை பெற்ற வயிறு ஒரு குற்றம்போல் ஆகிவிட்டது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். வேலை உண்டு. வயிற்றில் துணி கட்டும் வழக்கத்திற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. அதை அறிந்தால் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடும் என்பது என் நம்பிக்கை.

துணி கட்டியது எதற்காக?

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட மருத்துவ நூல் சரக சங்கிதை. அதன் சாரீரப் பகுதியின் எட்டாம் இயல் மகப்பேற்றைப் பற்றியது. பிள்ளை பெற்றவளுக்கு நெய்யோ எண்ணெயோ உட்கொள்ளக் கொடுத்து, வயிற்றில் எண்ணெய் தடவி, பெரிய துணியால் சுற்றிக் கட்ட வேண்டும் என்று அது கூறுகிறது. காரணமும் சொல்கிறது: குழந்தை வெளியேறியபின் வெற்றிடமான வயிற்றில் வாயு புகுந்து கேடு செய்யாதிருக்கவே இக்கட்டு. இடை மெலிய வேண்டும் என்பது அங்குக் காரணமாகக் கூறப்படவில்லை.

தமிழகத்துச் சிற்றூர்களிலும் இதே வழக்கம் இருந்தது. பழைய நூல்சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுகையில் வயிற்றின்மேல் வெந்நீரை வீசி அடிப்பார்கள். பூண்டும் மிளகும் சேர்ந்த பத்தியச் சோறு, காயமருந்து, சாம்பிராணிப் புகை என ஒவ்வொன்றும் நாள் கணக்கில் நடக்கும். அவள் ‘பச்சை உடம்புக்காரி’. ஆறாத புண்ணைப்போல் அவளைக் காக்க வேண்டும் என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நம் நாட்டில் அண்டை வீட்டாரிடமும் இதைக் காண்கிறோம். மலாய்ப் பெண்கள் ‘பெங்குங்’ என்னும் நீண்ட துணியை மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை சுற்றி முடிச்சிட்டுக் கட்டுகின்றனர். சூடாக்கிய கல்லைத் துணியில் பொதிந்து ஒற்றடம் கொடுப்பதை ‘துங்கு’ என்பர். அவர்களது ‘பந்தாங்’ காலம் பொதுவாக 44 நாள். சீனர்கள் ஒரு மாதம் தாயை வீட்டில் அமர்த்தி, இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்த உணவளிக்கின்றனர். கடல் கடந்து பார்த்தாலும் அதே காட்சிதான். பிரிட்டனின் மருத்துவமனைகளில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை, பிள்ளை பெற்றவளின் வயிற்றில் அகலமான துணிக்கட்டுப் போடுவது வழக்கமாக இருந்தது.

மொழியும் சமயமும் வேறான மக்கள் ஒரே செயலைச் செய்திருக்கின்றனர். தளர்ந்த வயிற்றுக்குப் பிடிமானம் கொடுப்பதும், ‘இவளை வேலை ஏவாதீர்’ என்று வீட்டாருக்கு உணர்த்துவதுமே இவற்றில் பொதுவாகத் தெரிகின்றன. கட்டிய துணியோடு ஒரு பெண் தண்ணீர்க் குடம் தூக்க முடியாதன்றோ!

தோட்டப்புறத்துத் தாய்மார்

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். ஊரில் என்றால் முதல் பேறு தாய்வீட்டில் நடக்கும். தாயும் அத்தையும் பாட்டியும் சூழ்ந்து நிற்பர். கப்பலேறி மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. லயத்து வீட்டின் அடுத்த கதவே அவளுக்குத் தாய்வீடு ஆயிற்று.

மாணவர்களிடம் ‘பாட்டியின் நினைவுகள்’ என்னும் தலைப்பில் செய்தி திரட்டச் சொன்னபோது, தோட்டத்தில் வாழ்ந்த மூதாட்டிகள் சிலரை நானும் சந்தித்துப் பேசினேன். ஒருவர் கூறியது இன்னும் நெஞ்சில் நிற்கிறது: “பக்கத்து வீட்டு அக்காதான் வெந்நீர் ஊத்துச்சு, அதுதான் துணி கட்டிவிட்டுச்சு. முப்பது நாள் உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தா யாரு சோறு போடுறது?” மற்றொருவர், கட்டிய துணியோடே பெரட்டுக்குப் போனதாகச் சொன்னார். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவுதல், பின்னர் நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து கொட்டகைக்கு நடத்தல். துணி அவருக்கு ஓய்வின் அடையாளமாக இருக்கவில்லை. வேலைக்கான இடுப்புக்கட்டாகவே இருந்தது.

இங்கேதான் நான் மேலே குறிப்பிட்ட இழை வருகிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியதை நாம் அறிவோம். தமிழ்ப்பள்ளி வரலாற்றை எழுதுவோர் எவரும் அதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அதே சட்டம்தான் பெண் தொழிலாளர்க்குப் பேறுகாலப் படியையும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் பேசியது. தாயின் ஓய்வும் பிள்ளையின் கல்வியும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றன. பள்ளியை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். தாயின் ஓய்வை மறந்துவிட்டோம்.

நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன் வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் மகப்பேற்று விடுப்பு 60 நாளாக இருந்தது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையர்க்கும் 7 நாள் விடுப்பு அத்திருத்தத்தில் கிடைத்தது. சிங்கப்பூரில் 2008இல் தாய்மார் விடுப்பு 16 வாரமாக உயர்த்தப்பட்டது. ஓய்வு என்பது இரக்கத்தால் கிடைப்பது என்னும் நிலை மாறி, உரிமை என்னும் நிலைக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

துணியிலிருந்து பயிற்சிக்கு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை மருத்துவமனைகள் பிள்ளை பெற்றவளைப் பத்து நாள் அளவில் படுக்கையிலேயே வைத்திருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படுக்கைகளுக்கும் தாதியர்க்கும் பற்றாக்குறை ஏற்பட்டபோது, விரைவில் எழுந்து நடக்கச் செய்யும் முறை பரவியது. நடந்தவர்களுக்குக் கால் நரம்புகளில் குருதி உறையும் இடர் குறைவு என்பதும் தெளிவாயிற்று.

அதற்கு முன்பே இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் மின்னி ரண்டல் என்னும் அம்மையார் தாய்மார்க்கு உடற்பயிற்சி கற்பித்து வந்தார். நடனக் கலைஞரான மார்கரெட் மாரிஸ் அவரோடு இணைந்தார். இருவரும் மகப்பேற்றுக்கும் அறுவைக்கும் பிந்திய பயிற்சிகள் பற்றிய நூலை 1936இல் வெளியிட்டனர். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல், இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பற்றி எழுதினார். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லைக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுவே. வெளியிலிருந்து துணி கொடுத்த பிடிமானத்தை உள்ளிருந்து தசையே கொடுக்க வேண்டும் என்பதுதான் இவர்கள் கொண்டுவந்த மாற்றம்.

நம் மண்ணிலும் ஒரு குரல் எழுந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலை விட்டுவிட்டு இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் செய்யும் விற்பனையை அவர் கடுமையாகச் சாடினார். அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி. ஆனால், தாய்ப்பால் தாய்க்கும் மருந்துதான். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது.

நம் அரசும் மரபைப் புறக்கணிக்கவில்லை. 2007இல் பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. இத்தகைய பிரிவுகளில் பிள்ளை பெற்ற தாய்மார்க்கு உடம்பு பிடித்துவிடுதல், துங்கு ஒற்றடம், வயிற்றுக்கட்டு ஆகியவை அளிக்கப்படுகின்றன.

அழகு என்னும் புதிய கவலை

1899இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, தொங்கும் வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் அறுத்தகற்றும் சிகிச்சையைப் பற்றி எழுதினார். பெருத்துத் தொங்கிய வயிற்றால் நோயாளி நடமாட இயலாமல் துன்புற்றதே அன்று சிக்கலாக இருந்தது. பின்னாளில் அதே அறுவை ஒப்பனை மருத்துவத்தின் பகுதியாயிற்று. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி ஒளிநாடா வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. அதன்பின் வீட்டு வரவேற்பறையிலேயே உடலைச் செதுக்கலாம் என்னும் எண்ணம் பரவியது. இன்று திரை நடிகை ஒருவர் பிள்ளை பெற்ற சில வாரங்களில் மெலிந்த இடையோடு படம் வெளியிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பெண் பட்டினி கிடக்கிறாள். அந்நடிகைக்குச் சமையற்காரரும் பயிற்றுநரும் தாதியும் உண்டு என்பது படத்தில் தெரிவதில்லை.

இன்றைய மருத்துவம் கூறுவது

தாய்மார் மனத்தில் கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. கருப்பை: பிள்ளை பிறந்தவுடன் ஏறத்தாழ 1 கிலோ எடையோடு தொப்புள் அளவில் இருக்கும். 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழாகச் சுருங்கிவிடும். முதல் வாரங்களில் வயிறு பெரிதாகத் தெரிவது இயல்பே.

2. தசை: வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரு தசைப்பட்டைகள் கருக்காலத்தில் விலகுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் தாமே நெருங்கும். எழும்போது நடுவயிறு கூரைபோல் புடைத்தால் கடும் வயிற்றுப் பயிற்சிகளைத் தவிர்த்து உடலியக்க மருத்துவரைக் காண வேண்டும். மூச்சுப் பயிற்சியும் இடுப்புத்தளப் பயிற்சியுமே தொடக்கம்.

3. கொழுப்பு: வயிற்றில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் துணியோ எண்ணெயோ இல்லை. நடை, அளவான உணவு, காலம் ஆகிய மூன்றுமே வழி. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அவள் பட்டினி கிடப்பது தகாது.

4. தோல்: விரிந்த தோலின் இழைகள் ஓரளவே மீளும். வரிகள் நிறம் மங்கும், முற்றிலும் மறையா. எந்தப் பூச்சும் அவற்றை அழிப்பதில்லை. மிகுதியான தோலை அகற்ற அறுவை ஒன்றே வழி. அதையும் உடல் எடை நிலைத்து, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தபின்னரே மருத்துவர்கள் பரிந்துரைப்பர்.

5. வயிற்றுக்கட்டு: பிடிமானம் தரும், அறுவைப் பேற்றுக்குப்பின் எழுந்து நடக்க உதவும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் இடுப்புத்தளத்தில் இறங்கிக் கேடு விளைக்கும். ஆறாத அறுவைப் புண்மீது சூடு ஒற்றலாகாது.

6. தண்ணீர்: ‘தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும்’ என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை மறுப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. இது தவறு. பாலூட்டுபவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும்.

முடிவாக

நம் பாட்டிமார் துணி கட்டினார்கள்; அது கொழுப்பைக் கரைக்கவில்லை. தாயைத் தேற்றியவை அத்துணியைக் கட்டிவிட்ட கைகளே. வெந்நீர் வைத்த கை, பூண்டு உரித்த கை, இரவில் அழும் பிள்ளையை வாங்கிக்கொண்ட கை ஆகியவற்றின் கூட்டுப் பெயர்தான் பத்தியம். இன்று கடையில் ஒட்டுப்பட்டை வைத்த வயிற்றுக்கட்டு விற்கிறது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். துணியை வைத்துக்கொண்டோம்; கைகளை விட்டுவிட்டோம்.

பெற்றோர்களே, உங்கள் மகளோ மருமகளோ பிள்ளை பெற்று வீட்டில் இருந்தால், அவள் வயிற்றை அளக்காதீர்கள். அவள் எத்தனை மணி நேரம் உறங்கினாள் என்று கேளுங்கள். கணவன்மார்களே, அந்த 7 நாள் விடுப்பு நண்பர்களுக்கு விருந்து வைக்கத் தரப்பட்டதன்று.

ஆசிரிய நண்பர்களே, விடுப்பு முடிந்து ஓர் ஆசிரியை திரும்பும்போது “வயிறு இறங்கவில்லையே” என்னும் சொல்லை நம் ஆசிரியர் அறையிலிருந்து நீக்குவோம். மாடிப்படி ஏறும் வகுப்புகளைச் சில வாரம் மாற்றிக் கொடுப்போம். புத்தகக் கட்டைத் தூக்க ஒரு கை கொடுப்போம். நூறாண்டுக்கு முன் லயத்து வீட்டுப் பக்கத்துக் கதவுக்காரி, தனக்கே ஓய்வில்லாதபோதும், இதைத்தான் செய்தாள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை